நம்ம ஊர்க் காற்றில் நமக்கொரு பங்கு

(கழுகுமலையில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலநிலை மாற்றம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். பத்திரிகையில் இந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கவனித்திருப்பீர்கள். உலகச் செய்திப் பக்கத்தில் வரும். கிளாஸ்கோவில் மாநாடு, துபாயில் மாநாடு, உருகும் பனிப்பாறை என்று படத்தோடு இருக்கும். அதே பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தைத் திருப்பினால், கருகிய உளுந்துச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு விவசாயிகள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள், பயிர்க் காப்பீட்டுத் தொகை கேட்டார்கள் என்று நாலு வரி இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே செய்தி. நடுவே பத்துப் பக்கம் இருப்பதால் யாரும் சேர்த்துப் படிப்பதில்லை. இன்றைக்கு நாம் சேர்த்துப் படிப்போம்.

முதலில் மழை. நம் பக்கத்து விவசாயத்துக்குக் கால்வாய்ப் பாசனம் கிடையாது. தாமிரபரணி தெற்கே போய்விடுகிறது. வைப்பாறு வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல். கண்மாயும் மானாவாரியும்தான் நம் பிழைப்பு. வெடிப்பு விட்டுக் கிடக்கும் கரிசலைக் கோடை மழையில் ஓர் உழவு உழுது போட்டு, ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிராக்கி, தையிலும் மாசியிலும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உளுந்து, பாசி, கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி எல்லாம் இந்த ஒரு மழையை நம்பித்தான். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. மழை விழுமுன்பே எப்போது புழுதியில் விதையைப் போட்டு வைக்கலாம் என்று அது பல காலம் ஆராய்ந்து சொன்னது. அந்தப் பரிந்துரைக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மழை ஏறக்குறைய இந்த வாரத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கை. அதுதான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஏழு வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. நம் கோவில்பட்டியிலேயே 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. வருஷம் பூராவும் பெய்ய வேண்டியதில் பெரும்பங்கு ஒரு பகல் ஓர் இரவில் கொட்டித் தீர்த்தது. மார்கழி பிறந்த நேரம். பூவும் பிஞ்சுமாக நின்ற பயறு தண்ணீருக்குள் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே ரயில் நின்றதை நாடே பார்த்தது. மானாவாரிப் புஞ்சையில் அழுகிய செடியை அவ்வளவு பேர் பார்க்கவில்லை.

பஞ்சம் நமக்குப் புதிதில்லை. தாது வருஷத்துப் பஞ்சக் கதையை நம் பாட்டிமார் அவர்கள் பாட்டிமாரிடம் கேட்டிருக்கிறார்கள். கண்மாயைத் தூர்ந்துபோக விட்டது, வரத்துக்கால்களை அடைத்தது, பல பயிர் போட்ட நிலத்தில் மக்காச்சோளம் ஒன்றையே போட்டு 2018இல் படைப்புழு வந்தபோது கைபிசைந்து நின்றது, இவையெல்லாம் நம் கணக்கில்தான் வரும். எல்லாக் கேட்டையும் காலநிலையின் தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் இயற்பியல் ஒன்று இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, காய்ந்தால் மண்ணிலிருக்கும் ஈரத்தையும் வேகமாக உறிஞ்சிவிடுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு பதிவு செய்தது. 2015இல் பாரிசில் கூடிய நாடுகள், இதைத் தாண்டாமலிருக்கப் பாடுபடுவோம் என்று கிழித்த கோடு அது. ஓர் ஆண்டு தாண்டியதால் ஒப்பந்தம் முறிந்துவிடாது. என்றாலும் கோடு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிகிறது.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று. இந்தச் சூட்டை உண்டாக்கியவர்களில் கடைசி வரிசையில் இருப்பவர் நம் மானாவாரி விவசாயி. அவர் நிலத்தில் மோட்டார் கிடையாது. 1990 முதல் விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் உண்டு, மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருக்கின்றன. கிணறே இல்லாதவருக்கு அதில் என்ன வந்தது? கரியைக் கொஞ்சமாக எரித்தவர், மானியத்தையும் கொஞ்சமாக வாங்கியவர், மழை தவறினால் முதல் ஆளாக நகையை அடகு வைப்பவர், எல்லாம் அவர்தான்.

இப்போது காற்றுக்கு வருவோம். இந்த மலைமேல் ஏறி, வெட்டுவான் கோயிலைத் தாண்டி நின்று பார்த்தால், கயத்தாறு பக்கமும் சங்கரன்கோவில் பக்கமும் காற்றாடிகள் சுற்றுவது தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் ஓர் இடைவெளி இருக்கிறது. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று அந்தக் கணவாயில் நெருங்கி, வேகம் கூடி, நம் கரிசல்மேல் பாய்கிறது. வைகாசி கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை அடிக்கும். நம் பாட்டன்மாருக்கு அது புழுதியையும் கண்வலியையும் கொண்டுவந்த காற்று. இன்றைக்கு அதே காற்றில் மின்சாரம் வருகிறது. 2022 ஜூலையில் ஒருநாள் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் 12 கோடி யூனிட் கொடுத்தன. காற்று அடிக்கும் நேரத்தில் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் அவ்வளவு நிலக்கரி எரியாமல் மிஞ்சுகிறது. 1979 முதல் கப்பலில் கரி வந்து இறங்கி, சாம்பல் குவிந்து கிடக்கும் இடம் அது. ஆகையால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் காற்றாலையின் பக்கம். சூரிய மின்சாரத்தின் பக்கம். இனிமேல் நான் சொல்லும் குறையெல்லாம் அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வது.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. உங்களில் சிலரே என்னிடம் சொன்னீர்கள். "காத்தாடி வந்த பெறகுதான் அண்ணாச்சி மழை போச்சு. மேகத்த வெட்டி விரட்டிருது." நான் சிரிக்கவில்லை. ஆனால் அது உண்மையில்லை. மேகம் பல நூறு மீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று மேலே போகிறது. இறக்கை சுற்றுவது அதற்கு வெகு கீழே. அதோடு, நமக்கு மழை வருவது ஐப்பசி, கார்த்திகையில், கீழ்த்திசைக் கடலிலிருந்து. அந்த மாதங்களில் இந்தக் காற்றாடிகள் பெரும்பாலும் சும்மாதான் நிற்கின்றன. அப்படியானால் இந்த எண்ணம் ஏன் இவ்வளவு ஆழமாக வேர் விட்டது? ஊரைக் கேட்காமல் வந்த ஒன்று, ஊருக்கு எதுவும் தராமல் கண்முன்னால் சுற்றிக்கொண்டிருந்தால், அதன்மேல் எந்தப் பழியும் ஒட்டும். மழைக் கணக்கு தப்பு, அதற்குள் இருக்கும் ஆற்றாமை தப்பில்லை.

அந்த ஆற்றாமையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் இந்தியாவின் முதல் காற்றாலைகளில் சில எழுந்தன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அடுத்து கயத்தாறு. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமும் டென்மார்க் நாட்டு உதவியோடு அங்கேயே அமைந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்த கயத்தாறு, உலகத்துக் காற்றாலைப் பொறியாளர்களுக்கு இப்படித்தான் தெரியும். நமக்கு இது பெருமைதான். ஆனால் தொண்ணூறுகளில் காற்றாடிகள் பெருகியதற்குக் காரணம் சுற்றுச்சூழல் அக்கறை மட்டுமில்லை. காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் வந்து வாங்கின. இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் விட்டு, கோயம்புத்தூரிலோ ராஜபாளையத்திலோ தங்கள் ஆலையில் எடுத்துக்கொள்ளலாம். காற்றுக் காலத்தில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் சேர்த்து வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளவும் பழைய காற்றாலைகளுக்கு உரிமை கொடுத்தார்கள். முதலீடு செய்தவருக்கு இத்தனை ஏற்பாடு.

2012ஐ நினைத்துப் பாருங்கள். நாளில் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் நின்றது, வேலைக்குப் போன பெண்கள் பாதிக் கூலியோடு திரும்பினார்கள். அதே காலத்தில், உற்பத்தியாகும் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பி போதாமல் காற்றாடிகளை நிறுத்தி வைத்தார்கள். பிறகு கயத்தாற்றிலும் கானார்பட்டியிலும் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் வந்தன, நிலைமை மாறியது. மின்சாரம் போகிற வழி அகலமானது. நமக்கு வருகிற வழி?

கயத்தாற்றில் நமக்குச் சோதனை நிலையம் கட்ட உதவிய அதே டென்மார்க், தன் ஊரில் என்ன செய்தது தெரியுமா? 2009 முதல் அங்கே ஒரு சட்டம் நடப்பில் இருந்தது. புதிதாகக் காற்றாலை வைக்கிறவர், 4.5 கிலோமீட்டர் தூரத்துக்குள் குடியிருப்பவர்களுக்குக் குறைந்தது 20 விழுக்காடு பங்கை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டாக வேண்டும். 2020இல் அதை மாற்றி, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தொகை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கோபன்ஹேகன் கடலோரத்து மிடல்குருண்டன் காற்றாலைத் தொகுதியில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுக்குச் சொந்தமாகத் தொடங்கியது. ஜெர்மனியில் காற்றாலை நிறுவனங்கள் பக்கத்து உள்ளாட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 யூரோ சென்ட் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நம் காசில் இருபது பைசாவை ஒட்டி வரும். இயந்திரத்தை அவர்களிடமிருந்து வாங்கினோம். அதோடு சேர்ந்திருந்த நியாயத்தை வாங்காமல் விட்டுவிட்டோம்.

வெளிநாட்டுக் கதை நமக்கு ஆகாது என்பவர்களுக்கு மேட்டுப்பாளையத்துக் கதையைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. அப்போது தலைவர் சண்முகம். தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் ஓட மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. 2006இல் அந்த ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தங்கள் ஊரில் காற்று போதாது என்று உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுவினார்கள். ஊர்த் தேவைக்கு மேல் உற்பத்தியானதை மின்வாரியத்துக்கு விற்றார்கள், அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். கவனியுங்கள், காற்று இல்லாத ஊர் காற்றைத் தேடிப் போய்ச் சம்பாதித்தது. காற்று வந்து வாசலில் மோதும் நம் ஊராட்சிகள் மின்கட்டணப் பாக்கிக்காக வாரியத்திடம் தவணை கேட்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகளே, குறித்துக்கொள்ளுங்கள். 2 மெகாவாட் காற்றாடி ஒன்று நல்ல இடத்தில் நின்றால் வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் யூனிட் கொடுக்கும். யூனிட்டுக்குப் பத்தே பைசா ஊருக்கு என்று வைத்தால் 5 லட்சம் ரூபாய். ஓர் ஊராட்சி எல்லையில் பத்துக் காற்றாடி நின்றால் வருஷம் 50 லட்சம். கண்மாய் தூர் வார, மழைமானி வைக்க, களம் போட, பயறு உடைக்கும் மில் ஒன்றை ஊருக்கு வைக்க அது போதும். காலநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்பதற்கு நிதி எங்கே என்று மாநாட்டில் கேட்கிறார்கள். நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சூரிய மின்சாரத்தில் விஷயம் இன்னும் கடுமை. காற்றாடி நிற்கும் இடம் போக மிச்சத்தில் உழலாம். சோலார் தகடு விரித்தால் மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேலிக்குள் போய்விடும். 2016இல் கமுதியில் வந்த 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். நம் பக்கமும் விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் என்று பரவிக்கொண்டிருக்கிறது. மழை ஏமாற்றிய நிலத்தை, பிள்ளைகள் ஊரை விட்டுப் போன நிலத்தை, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒருவர் வந்து கேட்டால் விற்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்றவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். நிலமில்லாதவருக்கு அங்கே களையெடுப்பு வேலை இருந்தது, பயறு ஆயும் வேலை இருந்தது. அறுப்பு முடிந்த புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டவர் இருந்தார், அந்தக் கிடையால் மண்ணுக்கு உரம் இருந்தது. விற்பனைப் பத்திரத்தில் இவர்கள் பெயர் இல்லை. தகடு கழுவத் தண்ணீரும் வேண்டும், குடிக்கவே தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் ஊர்களில்.

எல்லாவற்றிலும் பெரியது ஓடை. கரிசல் காடு பார்வைக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு சரிவும் ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. பெரிய கிரேன் போவதற்காகச் சரள் கொட்டி மேடாகப் போட்ட பாதை, குழாய் பதிக்காமல் ஓடையைக் குறுக்கே வெட்டினால், கீழே இருக்கும் கண்மாய்க்கு அந்த வருஷத் தண்ணீர் இல்லை. 2023 போல ஒரு மழை வந்தாலோ, தடைபட்ட தண்ணீர் பக்கத்துக் காட்டை அறுத்துக்கொண்டு போகும். காலநிலையைக் காப்பாற்ற வந்த திட்டம் ஒரு கண்மாயைக் கொன்றால், மானாவாரிக்காரனுக்குக் காலநிலை மாற்றத்தை இரண்டு முறை கொடுத்ததாகும்.

இதை முன்கூட்டியே சொல்ல ஓர் இடம் வேண்டாமா? அனல்மின் நிலையம் கட்டினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு உண்டு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. காற்றாலைக்கும் சோலார் பூங்காவுக்கும் அந்த மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின்கீழ் அனுமதி தேவையில்லை. புகை இல்லை, சரி. நிலத்திலும் நீர்வழியிலும் தாக்கம் இல்லை என்று யார் அளந்தார்கள்? புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை விரைவுபடுத்த இந்த விலக்கு தேவை என்கிறார்கள். விரைவு வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஒரு நாள் ஊர்க்கூட்டம் போட்டு ஓடை எங்கே போகிறது என்று கேட்பதால் எந்த விரைவும் கெட்டுவிடாது. கேட்காமல் போட்டு, பிறகு வழக்கும் மறியலுமாகத் திட்டம் இழுபடுவதில்தான் காலம் போகும்.

மின்சாரத்துக்காகக் குரல் கொடுத்த மரபு நம் விவசாயிகளுக்கு உண்டு. விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு பம்ப்செட் கட்டணத்தில் பைசாக் கணக்கு உயர்வை எதிர்த்து 1970இல் போராட்டத்தைத் தொடங்கினார். 1972இல் ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து கோவை வீதிகளை நிறைத்தார்கள். அந்த மனிதர் 1984 டிசம்பரில் உயிர்விட்டது நம் கோவில்பட்டியில். கிணற்றுப் பாசன விவசாயிக்கு அந்த இயக்கம் இலவச மின்சாரம் வரை பெற்றுத் தந்தது. மானாவாரி விவசாயிக்கான மின்சாரக் கோரிக்கை இன்னும் எழுதப்படவே இல்லை. அவர் கேட்க வேண்டியது கட்டணச் சலுகையை அல்ல, உற்பத்தியில் பங்கை.

நம் தூத்துக்குடி மாவட்டத்தில் போராட்டம் என்றாலே ஒரு பயம் இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, 13 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் இன்னும் வலி ஆறவில்லை. மூச்சுக்காற்றுக்காக உயிர் கொடுத்த மாவட்டம் இது. இங்கே சுத்தமான மின்சாரம் வருகிறபோது, ஊரைக் கேட்டு வருவதுதான் அந்த உயிர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

இனி ஆக வேண்டிய காரியம். 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டது. 20 ஆண்டு முடிந்த சிறு காற்றாடிகளைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பல மடங்கு பெரியவற்றை வைக்கலாம். தொண்ணூறுகளில் நம் பக்கம் நட்ட 250 கிலோவாட் காற்றாடிகளில் பல இந்தக் கணக்கில் வரும். புதிய பாதை, புதிய குத்தகை, புதிய ஒப்பந்தம் என்று எல்லாம் மறுபடி பேசப்படும். முப்பது வருஷத்துக்கு முன்னால் தவறவிட்ட பேச்சுவார்த்தை திரும்பி வருகிறது. இதைத் தவறவிட்டால் அடுத்தது இன்னும் 25 வருஷம் கழித்துத்தான்.

கழுகுமலை பேரூராட்சி, இங்கே கிராமசபை கிடையாது. ஆனால் சுற்றியிருக்கும் ஊராட்சிகளில் வருஷத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். புதிய காற்றாலை, சோலார் எது வந்தாலும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப்பங்கு வேண்டும், ஓடை, வரத்துக்கால், மேய்ச்சல் நிலம் கடக்கும் பாதைக்கு ஊராட்சியைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். தீர்மானத்துக்கு நாளைக்கே சட்ட பலம் வந்துவிடாது. ஆனால் நாற்பது ஊராட்சித் தீர்மானம் ஒரே வாசகத்தில் ஆட்சியர் மேசைக்குப் போனால் அது கோரிக்கை. பயிர்க் காப்பீட்டுக்காக விடாமல் குரல் கொடுத்துவரும் கரிசல்பூமி விவசாயிகள் சங்கம் போன்ற அமைப்புகள் இதையும் கையில் எடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2019இல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தில் முதல் பிரிவு, துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் வைத்து மின்சாரத்தை விற்க இடம் தருகிறது. தனி விவசாயி வைக்கலாம், கூட்டுறவுச் சங்கம் வைக்கலாம், ஊராட்சி வைக்கலாம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் வைக்கலாம். சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் ஐந்து ஏக்கர் தரிசு இல்லாத ஊர் நம் பக்கம் எது? முதலீடு பெரிது, விற்கும் விலையில் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஓடந்துறைக்கும் வங்கி சும்மா கொடுக்கவில்லை, ஊராட்சியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தது.

கடைசியாக, குத்தகைப் பத்திரத்தோடு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை வருஷம், குத்தகை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை ஏறும், இயந்திரம் ஆயுள் முடிந்ததும் அடித்தளக் கான்கிரீட்டைத் தோண்டி எடுப்பது யார் செலவு, நிறுவனம் கைமாறினால் உங்கள் ஒப்பந்தம் செல்லுமா என்று தமிழில் எழுதி வாங்கிப் படியுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் உங்கள் ஊர் வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள், ஓடைப் புறம்போக்கு எந்தச் சர்வே எண்ணில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இந்த வேலையை நன்றாகச் செய்வார்கள், அவர்களை அழைத்துப் போங்கள். தீர்மான வாசகம் ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் இருக்கும் மேசையில் வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊருக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.